அஜீஸாவின் நான்கு கம்பளிகள்

உங்கள் ஸ்டேஷன் நாற்காலிகள் நல்ல நாற்காலிகள், இன்ஸ்பெக்டர் அம்மா. இரும்புச் சட்டம், துளி ஆட்டமில்லை. முதுகுத் தகட்டைக் கழற்றிவிட்டால் என் யோகா வகுப்புக்கே எடுத்துக்கொள்ளலாம். நீங்கள்தான் அதில் இடுப்பைச் சரித்து உட்கார்ந்து வீணாக்குகிறீர்கள்.

"தற்செயலா நடந்ததுன்னு நாலு வரி எழுதிக் குடுத்துட்டுப் போங்க டீச்சர்" என்று வெள்ளைத்தாளை நீட்டினீர்கள். நாலு வரியில் அடங்காது. பொறுமையாகப் படியுங்கள்.

என் பெயர் அறிவுச்செல்வி. புதுச்சத்திரத்தில் டயர்க் கடைக்கு மேல்மாடியில் பதினான்கு வருடமாகச் சொல்லித்தருகிறேன். கையைக் காலை வீசி வியர்க்க வைக்கிற யோகா இல்லை. இங்கே சும்மா நிற்பதே ஒரு மாதப் பாடம். குதிகால் எங்கே ஊன்றுகிறது, முழங்கால் சில்லு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் அரை அங்குலம்கூட விடமாட்டேன். ஊன்றிக்கொள்ளும் கட்டைகள் நாமக்கல்லில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் இழைத்து வாங்கியவை. காலை இழுத்துப் பிடிக்கும் பெல்ட், தார்ப்பாய் இறுக்குகிற அதே பெல்ட். புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள். இரண்டாம் வாரம் சிரிப்பும் நின்றுவிடும், முதுகுவலியும் நின்றுவிடும்.

நான்கு வருடம் முன்பு அஜீஸா வந்தாள். கணவர் ஹபீபுக்கு ஜவுளிக்கடை. கூனல் தோளோடு வந்தவள் ஆறே மாதத்தில் தூக்குக்குண்டு விட்டதுபோல் நிமிர்ந்து நின்றாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பெற்ற பிள்ளை மாதிரிதான் பார்த்தேன். வகுப்பிலிருந்த கிழிசல் கம்பளிகளைப் பார்த்துவிட்டு, கடையிலிருந்து புதிதாக ஒரு கட்டு கொண்டுவந்து போட்டதும் அவள்தான்.

கம்பளி எதற்கு என்று கேட்பீர்கள். சர்வாங்காசனத்தில் தோளில் நின்று காலை மேலே தூக்குவோம். அப்போது நான்கு கம்பளிகளை மடித்துத் தோளுக்கடியில் வைக்க வேண்டும். தோள் மேட்டில், தலை தரையில், நடுவில் கழுத்து பாரமில்லாமல் இருக்கும். கம்பளி இல்லாவிட்டால் உடம்பின் எடையெல்லாம் கழுத்தில் இறங்கும். இது முதல் வாரமே சொல்லிவிடுகிற பாடம்.

போன ஆடியில் ஒரு காலை, கோழிப்பண்ணை சென்னம்மாள் கோணலாக நின்றுகொண்டிருந்தார். திருத்தப் போனேன்.

"நீங்க இருங்க டீச்சர். நம்ம அஜீஸா புள்ள வரட்டும். அது கை வெச்சா வலியே தெரியறதில்லீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். அதே வாரம் அஜீஸா இனிப்புப் பெட்டியோடு வந்தாள். யோகா ஆசிரியர் தேர்வுக்குப் போகிறாளாம், நான் மூன்றாம் தடவையில்தான் தேறிய தேர்வு. தேறியதும் அம்மா வீட்டுப் பக்கம், அயோத்தியாப்பட்டணத்தில் சொந்த வகுப்பாம். வாழ்த்தினேன். இனிப்பும் நன்றாகவே இருந்தது.

ஆவணியில் அவளுடைய ஒரு கம்பளியை எடுத்தேன். "பரிச்சைக்குப் போறவளுக்கு நாலு எதுக்கு சாமி? மூணு போதும்" என்றேன். பெருமையில் அவள் முகம் மலர்ந்தது. புரட்டாசியில் இரண்டுதான் மிச்சம். ஐப்பசியில் ஒன்று. மற்றவர்களுக்கு நாலு நாலாகவே இருந்தது, வயதானவர்கள், பாவம். கார்த்திகையில் அஜீஸாவுக்கு வெறும் தரை.

"வலது கை மரத்துப்போகுதுங்க டீச்சர்" என்றாள் ஒருநாள், தலைகீழாக இருந்தபடியே.

"நரம்பு தொறக்குது சாமி. பத்து நிமிசம் இரு."

பத்து நிமிடமும் இருந்தாள். என்னிடம் படித்தவள் பாதியில் இறங்கமாட்டாள்.

தேர்வுக்கு எட்டு நாள் இருந்தது. அவள் முதுகு லேசாகப் பின்னால் சாய்ந்திருந்தது. என் முழங்காலை அவள் முதுகில் முட்டுக்கொடுத்து முன்னால் தள்ளினேன். அவள் கழுத்தில் சின்னதாக ஒரு சத்தம் வந்தது. என்னைத் தவிர யாருக்கும் கேட்டிருக்காது. ஆபரேஷன் முடிந்தும் அந்த வலது கை எழவில்லை என்று ஹபீப் உங்களிடம் அழுதாராம்.

ஆஸ்பத்திரியில் அவள் சொன்னதை இன்று நீங்கள் படித்துக் காட்டினீர்கள். "டீச்சர் மேல தப்பில்லீங்க. நான்தான் ஏதோ தப்பாப் பண்ணிட்டேன்." அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் எதையும் தப்பாகப் பண்ணவில்லை, நான் சொன்னதை அப்படியே பண்ணினாள். டாக்டர் வேறு, சரியான பயிற்சி இல்லாத ஆசிரியர் என்று எழுதியிருக்கிறாராம். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். ஒரு கம்பளியை உருவினால் கழுத்தில் எவ்வளவு பாரம் ஏறும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஒவ்வொன்றாக உருவினேன். முழங்காலை எந்த எலும்பில் வைக்கிறேன் என்பதும் தெரிந்துதான் வைத்தேன். அந்தக் கை இனி யாரையும் தொட்டுத் திருத்தக் கூடாது என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் வழக்குப் போடுங்கள். 'கவனக்குறைவு' என்ற சொல் மட்டும் வேண்டாம், அம்மா. இந்தப் பதினான்கு வருடத்தில் என் வகுப்பில் கைதவறி ஒருவருக்கு ஒரு சுளுக்குக்கூட விழுந்ததில்லை.