விலக்கிய இருபத்துநான்கு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எலியை யாரும் வாலைப் பிடித்துத் தூக்கக் கூடாது. இருபத்தாறு வருடமாக நான் வைத்திருக்கும் விதி இது. உங்கள் விசாரணைக் குழுவில் இருப்பவர்களுக்கே தெரியும்.

ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும், விலங்குக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் நினைவுக்கல் முன் எல்லோரும் நிற்போம். அந்த வருடம் எத்தனை உயிரை எடுத்தோம் என்று ஒவ்வொரு துறையும் எழுதிக் கொடுக்கும். அதை வாசித்த பிறகு வெள்ளைச் சாமந்தி வைத்து வணங்குவோம். நான் எண்பத்துநான்கு என்று எழுதிக் கொடுத்தேன். அது உண்மையான எண். செத்தவற்றின் முன்னால் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நடுக்க நோய்க்கான எங்கள் மருந்தைப் பற்றிய கட்டுரையில் அறுபது எலிகள்தான் இருந்தன. மீதி இருபத்துநான்குக்கும் ஈரல் கெட்டுப்போயிற்று. நோஞ்சான்கள் என்று விலக்கிவிட்டேன். நோஞ்சானை வைத்து நல்ல மருந்தை எடைபோடுவது நியாயமாகப் படவில்லை.

பூவை வைத்துவிட்டுத் திரும்பியபோது மியோ சுகுதாவின் பார்வை சரியில்லை. என்னிடம் ஆராய்ச்சி செய்யும் பெண்; ஆசிரியர் என்ற மரியாதையில் என்னைச் 'சென்செய்' என்றுதான் கூப்பிடுவாள். அவள் உதடு அசைந்தது. கழித்துப் பார்க்கிறாள் என்று தோன்றியது. அன்றிலிருந்து அவள்மேல் ஒரு கண் வைத்தேன். பழைய குறிப்பேட்டை எடுத்தாலும் சந்தேகம், எடுக்காவிட்டால் அதைவிடச் சந்தேகம். நான்காம் நாள் என் அறைக்கு வந்தாள்.

"சென்செய், கல்லுக்கு முன்னாடி எண்பத்திநாலுன்னு வாசிச்சாங்க. கட்டுரைல அறுபதுதானே இருக்கு?"

"மிச்சம் கூண்டுல ஒண்ணை ஒண்ணு கடிச்சுக்கிட்டுச் செத்ததும்மா."

"இருபத்திநாலுமா?"

"நம்ம துறைக் கூட்டத்துல கடிச்சுக்கறதைவிடக் கம்மிதான்."

அவள் சிரிக்கவில்லை. "மனுஷங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பாத்துடலாமே" என்றாள். சிரித்திருந்தால் அதோடு விட்டிருப்பேன்.

நான் அவளை மிரட்டவில்லை, வேலையைவிட்டு அனுப்பவுமில்லை. இருபத்துநான்கும் கடிபட்டுச் செத்தன என்று ஓர் அறிக்கை எழுதி, என் முத்திரையைக் குத்திக் கொடுத்தேன். அவளுடைய அப்பா கென்சாகுவுக்கும் நடுக்க நோய். நூடுல்ஸ் கடைக்காரர், கத்தி பிடிக்க முடியாமல் கடையை மூடியவர். மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் சோதனையில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. நானே பேசி அவருக்கு வாங்கிக் கொடுத்தேன். அப்பா விழுங்குகிற மருந்தைத் தவறென்று நிரூபிக்க எந்த மகளுக்கு மனம் வரும்? மியோ குனிந்து வணங்கி நன்றி சொன்னாள்.

மருந்து வேலை செய்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கென்சாகுவே தொலைபேசியில் கூப்பிட்டார். "சென்செய், மூணு வருஷம் கழிச்சு மிசோ சூப்பைச் சிந்தாம குடிச்சேன். எம்பொண்ணு அழுதுட்டா."

ஏழாவது வாரம் மியோ வந்தாள். "அப்பா கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு, சென்செய். மருந்தை நிறுத்திடட்டுமா?"

நிறுத்தச் சொன்னால் இருபத்துநான்கையும் ஒப்புக்கொண்டதாகிவிடும். எதற்காகக் கேட்கிறாள் என்று அவள் முகத்தையே பார்த்தேன். ஆழம் பார்க்கிறாளோ என்ற சந்தேகம் எனக்கு.

"ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். தொடர்ந்து குடும்மா."

ஒன்பது நாளில் அவர் இறந்துபோனார். ஊதுபத்தி ஏற்றப் போனேன். மியோ என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுநாளே உங்களிடம் வந்திருக்கிறாள். அவளைச் சந்தேகப்பட்டதில் நான் தவறவில்லை.

இப்போது இதைக் கொலை என்கிறீர்கள். கென்சாகு தினமும் எழுதிய குறிப்பில், ஒருநாள் ஒரு கிண்ணம் சாகே குடித்ததாக இருக்கிறது. மதுவைத் தொடக் கூடாது என்ற விதியை மீறியவர் என்று அவரைச் சோதனையிலிருந்து விலக்கினேன். வேறு மருத்துவமனைகளில் இறந்த இருவரையும் இப்படித்தான், தக்க காரணத்தோடு விலக்கினேன். விலக்கியவர்களை விட்டுவிட்டு நீங்களே பாருங்கள். அந்த மருந்தால் ஒருவர்கூடச் சாகவில்லை.