வெறும் கலர் படம்

எனக்கு மின்விசிறிக் காற்று ஒத்துக்கொள்ளாது, தலை பாரமாகிவிடும். அணைத்துவிட்டதற்கு நன்றி.

என் வேலை என்ன என்று கேட்டீர்கள். காற்றாலை இறக்கையின் மேல் காற்று எப்படிப் போகும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பேன். வழுக்கிக்கொண்டு ஒழுங்காகப் போகிற காற்றுக்கு நான் தேவையில்லை. பலமாக வீசும்போது அது இறக்கையை விட்டுப் பிய்த்துக்கொண்டு சுழல் சுழலாகக் கிளம்பும். அந்தக் கண்றாவியைத்தான் கணக்கிடுவேன். அரை நிமிடக் காற்றுக்கு எங்கள் கணினிகள் பதினொரு நாள் எடுத்துக்கொள்ளும். கடைசியில் ஒரு படம் வரும். இறக்கையில் எந்த இடம் அதிகம் அடி வாங்குகிறதோ அது சிவப்பாக இருக்கும்.

அதனால் அலுவலகத்தில் எனக்குப் பெயர் ‘கலர் படம்’. என் மச்சினன் என் வீட்டிலேயே உட்கார்ந்து, என் சோற்றைத் தின்றுகொண்டே அப்படித்தான் கூப்பிட்டான். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஏழாம் எண் காற்றாலையில் ஓர் இறக்கையின் அடிப்பகுதி சிவந்து வந்தது. காற்று ஓர் அளவைத் தாண்டினால் அங்கே ஒடியும் என்று கூட்டத்தில் சொன்னேன்.

“படம் நல்லா இருக்கு, ஃபிரேம் போட்டு மாட்டிடுவோமா?” என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பராமரிப்பு மெக்கானிக் ஒருவர்தான் சிரிக்கவில்லை. படத்தைக் கேட்டு வாங்கி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுவாரம் வியாழக்கிழமை காலையில் அவர் ஃபோன் செய்தார்.

“சார், ஏழாம் நம்பர்ல கீழ கரண்ட் பேனல் ரூம்ல வேலை இருக்கு. காத்து ஏறிக்கிட்டே போகுது. நீங்க அன்னைக்குச் சொன்னது மனசுல உறுத்துது. மெஷினை நிறுத்திட்டுப் பாக்கட்டுமா?”

நிறுத்தும் பொத்தான் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. காற்றின் வேகம் என் திரையில் தெரிந்தது. நான் சொன்ன அளவுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

நீங்கள் படித்தவர், உங்களுக்குப் புரியும். நிறுத்திவிட்டால் இறக்கை ஒடியாது. ஒடியாவிட்டால் நான் சொன்னது சரி என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒடியாத இறக்கையைக் காட்டிக்காட்டியே, நான் ஓய்வு பெறும்வரை சிரித்திருப்பார்கள்.

“கணக்கைத் திரும்பப் போட்டுப் பாத்துட்டேன் அண்ணே, பயமில்ல. ஓடட்டும். நீங்க உங்க வேலையப் பாருங்க,” என்றேன்.

“நீங்க சொன்னா சரி சார்.”

திரும்பப் போடவில்லை. அதற்குத் தேவையும் இல்லை. நாற்பது நிமிடத்தில் இறக்கை ஒடிந்து பேனல் அறையின் தகரக் கூரைமேல் விழுந்தது. உள்ளே அவர் இருந்தார். நான் குறித்த இடத்துக்கும் ஒடிந்த இடத்துக்கும் நான்கு விரல் தூரம்தான். அன்றைக்கு மேலாளர் முதல்முறையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர், தெரிந்தேதான் சொன்னேன். அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அந்த அலுவலகத்திலேயே என் பேச்சுக்கு மரியாதை கொடுத்தவர் அவர் ஒருவர்தான். வேறு யாராக இருந்தாலும் நான் சொன்னதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.