முதுகு காட்டிப் படுத்தவள்

இரவு பதினொன்றரை. மருத்துவமனைக்குப் பின்னால் போகிற சாலை. ஒரு பக்கம் நீள மதில், மறு பக்கம் வெறும் பொட்டல். கம்பெனி வண்டி ஓட்டுகிறவன் கிறிஸ்துமஸ் லீவில் போய்விட்டான். அதனால் அவள் நடந்து போகிறாள்… தன்னந்தனியாக. எங்கோ ஒரு தகரம் காற்றில் டக்… டக்… என்று அடித்துக்கொண்டிருக்கிறது. கையில் அறைச் சாவி. போன் இல்லை.

போன் ஏன் இல்லை என்பதுதான் கதையே.

இது என் தோழியின் தம்பி மனைவிக்கு நடந்தது. பாதிக்குத் தோழியே சாட்சி. பயப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடுங்கள். பாதியில் என் கையைப் பிடித்து நகத்தால் கீற வேண்டாம்.

புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, ஐந்து வயது மகளை நாத்தனாரிடம், அதாவது என் தோழியிடம், விட்டுவிட்டு அவள் கடல் தாண்டிப் போனாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. ஈர விரிப்பைச் சூடான உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் வருவதை இழுத்து மடிக்க வேண்டும். எத்தனை முறை குளித்தாலும் மேலில் ப்ளீச்சிங் வாடை போகாது.

மகளுக்கு ஒரு பழக்கம். அம்மா தூங்குவது போனில் தெரிந்தால்தான் அவளும் தூங்குவாள். அங்கும் இங்கும் இரவு கொஞ்சம்தான் முன்பின். தினமும் வீடியோ காலைப் போட்டு, போனை ஸ்டூலில் சாய்த்து வைத்துவிட்டு இவள் படுப்பாள். அங்கே அத்தை தன் போனைக் குழந்தையின் தலையணை ஓரம் நிறுத்துவாள். விளக்கு கண்ணில் குத்தும் என்று இவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். மகள் அதற்கும் பழகிவிட்டாள். மாதக்கணக்காக அந்தக் குழந்தைக்கு அம்மா என்றால் ஒரு முதுகு, ஒரு பின்னல், ஏறி இறங்கும் ஒரு போர்வை.

கிறிஸ்துமஸ் அன்று இரவு மகள் புதுக் கவுனைக் கழற்ற மாட்டேன் என்று அழுது தீர்த்துவிட்டு, ஒருவழியாகப் படுத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து இங்கே இவள் அறைக் கதவு தட்டப்பட்டது. சூப்பர்வைசர். நம் பாஷை பேசுகிறவன்தான். அதனாலேயே அவன் வாய் கூடுதலாகக் குத்தும்.

"குடும்பம் உள்ளவங்க எல்லாம் லீவு. உனக்கென்ன, இங்க புருஷனா பிள்ளையா? தனிக்கட்டைதானே? வந்து மெஷின்ல நில்லு."

"பாப்பா இப்பதான் சார் படுத்திருக்கா…"

"போனுக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு எல்லாம் லீவு கிடையாது. வரலைன்னா நாளைக்கு வரவே வேணாம்."

அறைத் தோழியும் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தாள். வீடியோ காலைத் துண்டித்தால் மகள் விடிய விடிய அழுவாள். அவளுக்கு ஒரு யோசனை வந்தது. 'அம்மா விளக்கைச் சின்னதாக்குறேன் செல்லம்' என்று சொல்லி போனைக் கவிழ்த்து வைத்தாள். இரண்டு தலையணைகளை நீளமாகப் போட்டாள். கறுப்புச் சால்வையைப் பின்னல்போல் முறுக்கி மேலே வைத்தாள். மூடுவதற்குத் தடித்த போர்வை வேண்டும். கட்டிலுக்கு அடியில் ஒன்று கிடந்தது. கறை போகவில்லை என்று சலவைக்கூடத்தில் கழித்தது. கழித்ததைக் கத்தரித்துத்தான் குப்பையில் போட வேண்டும் என்பது அங்கே சட்டம். குளிருக்கு ஆகும் என்று கத்தரிக்காமல் எடுத்து வந்து, ஏனோ ஒரு நாளும் போர்த்திக்கொள்ளாமல் வைத்திருந்தாள்.

அதைப் போர்த்தினாள். போனை நிமிர்த்தினாள். பிறகு ஓரமாக, கேமராவில் படாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குட்நைட்மா" என்றது குழந்தை, தலையணைகளிடம்.

அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இவ்வளவுதானா நான்? இரண்டு தலையணை போதுமா? ஒரு கணம் மகள்மேல் கோபம்கூட வந்ததாம். கண்டுபிடித்து அழுதிருக்கக் கூடாதா என்று. பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கினாள்.

பாதிச் சாலையில்தான் உறைத்தது. தலையணை மூச்சு விடாதே! போர்வை ஏறி இறங்காவிட்டால் குழந்தைக்குத் தெரிந்துவிடுமே! திரும்பிப் பார்த்தாள். மாடியில் அவள் ஜன்னலில் மட்டும் மஞ்சள் வெளிச்சம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இருண்டு… மறுபடி வெளிச்சமானது. யாரோ விளக்குக்குக் குறுக்கே நடந்துபோனது மாதிரி.

காற்றுக்குத் திரை அசைந்திருக்கும் என்று நடையை எட்டிப் போட்டாள். ஜன்னலைச் சாத்தியிருந்தது வேலையில் நிற்கும்போதுதான் ஞாபகம் வந்தது.

விடியற்காலையில் திரும்பினாள். பூட்டு பூட்டியபடி இருந்தது. கதவைத் திறந்ததும் சூடான துணி வாடை. அப்போதுதான் உருளையிலிருந்து வந்த விரிப்பின் வாடை. கட்டிலில் தலையணைகள் தலைமாட்டில் ஒழுங்காக இருந்தன. சால்வை கொக்கியில் தொங்கியது. போர்வை, ஓரங்கள் உள்ளே போக, நாலாக மடித்து வைத்திருந்தது.

போன் தொட்டால் சுட்டது. வீடியோ கால் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் மகள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். இவள் குனிந்து முகத்தைக் காட்டினாள்.

குழந்தை வீறிட்டது.

"இது அம்மா இல்ல அத்தை! அம்மா ராத்திரியே சொன்னாங்க… காலைல ஒருத்தி வருவா, என் மூஞ்சி மாதிரியே வச்சிருப்பா, அவகிட்டப் பேசாதேன்னு!"

என் தோழி தூக்கக் கலக்கத்தோடு போனைப் பிடுங்கினாள். "பிள்ளைகிட்ட என்னம்மா சொல்லி வச்சிருக்க? ராத்திரி முழுக்க முதுகைக் காட்டி உட்கார்ந்துகிட்டு ஒரே குசுகுசு. தூங்கலையான்னு கேட்டா, 'வாயை மூடிட்டுப் படு'ங்கிற. என்னை அப்படிப் பேச உனக்கு எப்ப துணிச்சல் வந்தது?"

"அக்கா… ராத்திரி நான் ரூம்லயே இல்லக்கா."

வெளியே எங்கோ அந்தத் தகரம் டக்… டக்…

அந்தப் போர்வையைச் சலவைக்கூடத்துக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டி எறிந்துவிட்டு அவள் ஊர் திரும்பினாள். வேலை போனாலும் பரவாயில்லை, மகள் கிடைத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. மகள் கிட்டேயே வரவில்லை. ஊட்டினால் துப்பினாள். "உங்க வீட்டுக்குப் போங்க" என்றாள், வழி தெரியாமல் வந்துவிட்ட விருந்தாளியிடம் சொல்வதுபோல. அணைந்த போனைத் தலையணை ஓரம் நிறுத்தி அதோடு பேசினாள். தோழி போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். குழந்தை அழவில்லை. 'போன் இனிமே வேணாம்' என்றது. அதைக் கேட்டதும் தோழி தன் பாயை அவர்கள் அறையிலேயே கொண்டுவந்து போட்டாள்.

அன்றிரவு மகள் தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு அம்மாவின் கட்டிலுக்கு வந்தாள்.

"உங்ககூடப் படுத்துக்கவா?"

அவள் அப்படியே அள்ளப் போனாள்.

"கட்டிக்க வேணாம். அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க."

தான் பழக்கியதுதானே என்று நினைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பினாள். சின்னக் கை ஒன்று முதுகைத் தட்டிக் கொடுத்தது. அத்தனை நாள் வராத தூக்கம்… வந்துவிட்டது.

கீழே பாயில் தோழி விழித்துக்கொண்டுதான் இருந்தாள். இனி வருவது அவள் கேட்டது.

தட்டுகிற சத்தம் நின்றது. குழந்தை எழுந்து உட்கார்ந்தது. இருட்டைப் பார்த்து, ரகசியமாக…

"அம்மா… அவ தூங்கிட்டா. வாங்க."

சூடான துணி வாடை. கட்டில் மெதுவாக முனகியது, பெரிய ஆள் ஒருத்தி உட்காரும்போது முனகுவதுபோல. தோழிக்குக் கைகால் அசையவில்லை. கட்டிலில் மூன்று பேர் மூச்சு விடுவது கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து… இரண்டு.

விடிந்தபோது அவள் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். மகள் அவள் மடியோடு ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"நல்லாத் தூங்கினியாம்மா?" என்று தோழி கேட்டாள்.

சீப்பு நின்றது. அவள் திரும்பவில்லை.

"வாயை மூடிட்டுப் போ."

குழந்தை கலகலவென்று சிரித்தது.