தாண்ட முடியாத முகப்பு

விளையாட்டைத் திறந்ததும் எல்லோரும் முதலில் செய்வது, என் திரையைத் தாண்டிப் போவதுதான். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஐயா. நானும் விளம்பரங்களை அப்படித்தான் தாண்டுவேன்.

கையடக்கக் கருவிகளில் ஆடும் வீடியோ கேம்களுக்குத் திருட்டுப் பிரதி போடும் கூட்டத்தில் இருந்தேன். விளையாட்டின் பூட்டை உடைப்பவர்கள் வேறு. ஆட்டத்துக்கு முன்னால் எங்கள் கூட்டத்தின் பெயர் ஆடிக்கொண்டு வருமே, அந்த முகப்புத் திரை என் வேலை. கொஞ்சம் இசை, நகரும் எழுத்தில் நண்பர்களுக்கு வணக்கம், எதிரிகளுக்கு ஒரு குத்தல். மேலே என் பட்டப்பெயர், ஊமை. இடையில் வெள்ளையும் சிவப்பும் மாறி மாறி மின்னும்.

என் மனைவிக்கு வலிப்பு உண்டு. மின்னும் வெளிச்சம் ஆகாது என்று டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். அதனால் அவளுக்கு மட்டும் மின்னல் இல்லாத பிரதி தனியாகப் போட்டுத் தருவேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்துதான் விளையாடுவாள். அங்கேதான் காற்று வரும். வேண்டாம் என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் மச்சான் வந்திருந்தார். அவர் எதிரிலேயே கருவியைத் திறந்தாள்.

"யாருண்ணா இந்த ஊமை? எப்பப் பாரு குறுக்க வந்து நிக்கிறான்."

"வழிய விடச் சொல்லும்மா," என்றார் மச்சான்.

பொத்தானை அழுத்தினாள். திரை போய்விட்டது. அது நான்தான் என்று இருவருக்கும் தெரியும். நானும் சேர்ந்து சிரித்தேன்.

நகரும் எழுத்தின் கடைசி வரியில் அவள் பெயர் இருந்தது. நான் செய்த எல்லாத் திரையிலும் இருக்கும். அவள் அந்த வரி வரை வந்ததே இல்லை. சொல்லிப் பார்க்கவைப்பதில் என்ன இருக்கிறது?

மின்னலை எடுக்க மறந்துவிட்டேன் என்று மச்சான் உங்களிடம் சொல்லியிருப்பார். நல்ல மனிதர். தங்கை செத்துப்போன பிறகும் சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை என்று கேட்கிறார். நான் மறக்கவில்லை. வெளியே போன பிரதிகளைப் போட்டுப் பாருங்கள், பொத்தான் வேலை செய்யும். அவளுக்குக் கடைசியாகக் கொடுத்ததில் மட்டும் பொத்தானை நிறுத்திவைத்தேன். மின்னல் முடிந்த பிறகுதான் அவள் பெயர் வரும்.

விழுந்த சத்தம் கேட்டதா என்கிறீர்கள். கேட்டது. அதற்கு முன்னால் அவள் பொத்தானை விடாமல் அழுத்துவதும் அறைக்குள் எனக்குக் கேட்டது. நான் எழுந்து போகவில்லை. பிறகு அழுத்துவது நின்றது. ஒருவழியாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தேன்.