கண் கூசாத இடம்

ஃபெங்ஷியா: கையை மேல தூக்குடி! இன்னும்... இன்னும்! துப்பட்டா காத்துல பறக்கணும். நீ என்னமோ ஈரத்துணி காயப்போடற மாதிரி பிடிச்சிட்டு நிக்கிறே.

யுலியன்: துப்பட்டா வேணாம்கா.

ஃபெங்ஷியா: என்னது?

யுலியன்: சும்மா நேரா நிக்கிறேன். ஒரே ஒரு படம். முகம் தெளிவா விழுந்தா போதும்.

ஃபெங்ஷியா: முகமா? பின்னால பிறைக்குளம், அதுக்கும் பின்னால மணல்மலை. ஊர் உலகமெல்லாம் டிக்கெட் வாங்கிட்டு துன்ஹுவாங்குக்கு ஓடி வருது. உனக்கு உன் முகம் போதுமா? அதை வீட்டுக் கண்ணாடியிலயே பார்த்துக்கலாமே!

யுலியன்: இங்க ஒரே கூட்டம்கா. குகை ஓவியத்து அப்சரஸ் வேஷம் போட்ட பொண்ணுங்களே அம்பது பேர் நிக்குதுங்க.

ஃபெங்ஷியா: அந்தப் பச்சைப் பாவாடைக்காரியைப் பாரேன்... எவ்வளவு நேரமா ஒத்தக் கால்ல நிக்கிறா பாவம். மேல தேவலோகம், கீழ மணல் புகாம ஷூ மேல மாட்டின ஆரஞ்சு கலர் உறை!

யுலியன்: ஹஹ்ஹா... மெதுவா பேசுங்கக்கா, காதுல விழப்போகுது.

ஃபெங்ஷியா: ஆ, இப்படிச் சிரி! அசையாதே... ப்ச், ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கிறே?

யுலியன்: சூரியன் நேரா அடிக்குது. இந்த இடத்துல நின்னா கண்ணு தானா மூடிக்கும்.

ஃபெங்ஷியா: யாருக்கு, உனக்கா? உச்சி வெயில்ல நின்னு பருத்தி எடுத்தவ நீ. உனக்குக் கண்ணு கூசுதா?

யுலியன்: ...வேற இடம் பார்க்கலாமே.

ஃபெங்ஷியா: சரி, முகட்டுக்கு ஏறு. அங்கேர்ந்து பார்த்தா...

யுலியன்: ஏற வேணாம்கா. முட்டி ஒத்துழைக்காது.

ஃபெங்ஷியா: நேத்து சாயங்காலம் சதுக்கத்துல அந்த ஆட்டம் ஆடினியே, அப்போ முட்டியைக் கழட்டி வீட்டுல வச்சிட்டா வந்தே?

யுலியன்: ஐயோ அக்கா... ஏறாம போற இடம், நிழலான இடம், ஆள் இல்லாத இடம். உங்களுக்குத் தெரியாத இடமா?

ஃபெங்ஷியா: என்கிட்டயே கேட்கறே பாரு! ஆத்துப் பாலத்துல எந்தத் தூண் பக்கத்துல நின்னா அந்தி வெளிச்சம் கன்னத்துல விழும், பனி உறைஞ்சா குளத்துக்கு எந்தக் கரை நல்லாருக்கும்... எல்லாம் என் விரல் நுனியில. ஆனா நிழலு, சமதரை, அழகு இல்லாட்டியும் பரவாயில்லன்னு இடம் கேட்டவ நீ ஒருத்திதான்.

யுலியன்: இருக்கா, இல்லையா?

ஃபெங்ஷியா: இருக்கு இருக்கு. எங்க அண்ணன் தோட்டத்துக்குப் பின்னால ஒரு பழைய மண்சுவர். ஸ்கூட்டர்ல ஏறு.

யுலியன்: அங்கேயா?

ஃபெங்ஷியா: ஏன், எங்க அண்ணன் கடிச்சிடுவாரா? பார்த்தா ஆப்ரிகாட் பழத் தண்ணி குடிச்சிட்டுத்தான் போகணும்னு பிடிச்சு உட்கார வச்சிடுவாரு, அவ்வளவுதான். சத்தம் போடாம போயிட்டு வந்துடலாம். ஏறுடி... இறுக்கிப் பிடிச்சுக்கோ!

யுலியன்: அக்கா, ஒட்டகம்! ஒட்டகம்!

ஃபெங்ஷியா: பார்த்துட்டேன். அது ஒதுங்கும். அதுக்கு என்னைத் தெரியும்.

யுலியன்: ...அப்பா! உயிரோட வந்து சேர்ந்தாச்சு.

ஃபெங்ஷியா: இதோ பாரு, நீ கேட்ட இடம். ஒட்டகம்கூட எட்டிப் பார்க்காது.

யுலியன்: இதுதான்கா! கண்ணு கூசல. தரையும் சமமா இருக்கு. ரொம்ப நல்லாருக்கு.

ஃபெங்ஷியா: வெறும் சுவரைப் பார்த்து இப்படிப் பூரிச்சுப் போறவளை நான் பார்த்ததே இல்ல. சரி, மேல்கோட்டைக் கழட்டு... அது என்னடி உள்ள, வெள்ளைச் சட்டை?

யுலியன்: நல்லா இல்லையா?

ஃபெங்ஷியா: புதுசா?

யுலியன்: இதுக்குன்னே வாங்கினது. முடியைக் காதுக்குப் பின்னால தள்ளிக்கவா? காது தெரியணுமாம்.

ஃபெங்ஷியா: காது தெரியணும்னு யாருடி சொன்னா?

யுலியன்: என்னை நடுவுல வைக்காதீங்கக்கா. எனக்கு இடப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டு ஒண்ணு எடுத்துக் காட்டுங்க. போதுமான்னு பார்க்கணும்.

ஃபெங்ஷியா: எதுக்கு இடம்?

யுலியன்: எடுங்களேன்.

ஃபெங்ஷியா: நான் எடுக்க மாட்டேன்.

யுலியன்: என்னக்கா இது...

ஃபெங்ஷியா: மாட்டேன்னா மாட்டேன்! வெள்ளைச் சட்டை, வெறும் சுவர், நேர்ப் பார்வை. இது எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? எங்க அம்மாவும் இப்படித்தான், யார்கிட்டயும் சொல்லாம போய் எடுத்துட்டு வந்து அலமாரியில வச்சா. அவ செத்தன்னிக்குப் பூ மாலைக்கு நடுவுல அந்தப் படத்தைப் பார்த்தப்பதான் எங்களுக்கே தெரியும்.

யுலியன்: அக்கா! நீங்க என்ன...

ஃபெங்ஷியா: போன வாரம் ஆஸ்பத்திரி வாசல்ல உன்னைப் பார்த்தேன்டி. கையில கவரை வச்சிட்டு, என்னைப் பார்த்ததும் தூணுக்குப் பின்னால ஒளிஞ்சே. நீயா சொல்லுவேன்னு காத்திருந்தேன். இப்போ முட்டி வலி, கண்ணு கூச்சம்... இடப்பக்கம் வேற இடம் விடணும். செத்துப்போன உன் புருஷனுக்குத்தானே? அவர் பக்கத்துல போய் நிக்கறதுக்கு என்னடி அவசரம்?

யுலியன்: அழாதீங்கக்கா... ஐயோ, அழாதீங்க...

ஃபெங்ஷியா: நேத்துகூட ரெண்டு கிண்ணம் கழுதைக்கறி நூடுல்ஸ் சாப்பிட்டியே! நல்லாத்தானே இருக்கான்னு மனசைத் தேத்திக்கிட்டேன். நீ இல்லாம நான் யாரைக் கூட்டிட்டு எங்கடி போவேன்? ...ஏய். சிரிக்கிறியா?

யுலியன்: இல்ல... ஹஹ்... மன்னிச்சிடுங்க... ஹஹ்ஹா!

ஃபெங்ஷியா: நான் இங்க உயிரை விட்டு அழறேன்!

யுலியன்: எனக்கு ஒரு நோயும் இல்லக்கா. கல்லு மாதிரி இருக்கேன்னு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. அது... கல்யாணத்துக்கு முன்னால எடுக்கிற டெஸ்டு.

ஃபெங்ஷியா: யார் கல்யாணத்துக்கு?

யுலியன்: என்னோட கல்யாணத்துக்கு.

ஃபெங்ஷியா: ...இரு. நான் உட்கார்ந்துக்கறேன்.

யுலியன்: பதிவு ஆபீஸ்ல கொடுக்கற படம்கா. வெள்ளைச் சட்டை போட்டு, ரெண்டு பேரும் தோளோட தோள் ஒட்டி. பின்னால கட்ட சிவப்புத் துணி பைக்குள்ள இருக்கு.

ஃபெங்ஷியா: படுபாவி! இதை முதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கு என்ன? யாரு அவன்? சதுக்கத்துல தாளம் தப்பி ஆடுவானே, அந்தத் தபால்காரனா?

யுலியன்: சீ!

ஃபெங்ஷியா: பின்னே?

யுலியன்: முட்டி வலி எனக்கில்லக்கா. கண்ணு கூசறதும் எனக்கில்ல. வெயில்ல கேமராவைக் காட்டினா அவர் கண்ணை மூடிக்குவார். மணல் ஏறவும் முடியாது.

ஃபெங்ஷியா: அப்படி ஒரே ஒரு ஆளைத்தான் எனக்குத் தெரியும். அவரோட முதல் கல்யாணப் படத்துலயே தூங்கிட்டு நிக்கிற மாதிரிதான்... ஏய். எங்க அண்ணனா?

யுலியன்: ...ம்.

ஃபெங்ஷியா: எங்க டிங்ஷான் அண்ணனா!

யுலியன்: கோபமாக்கா? அவர் சொல்லிடு சொல்லிடுன்னு தினமும் சொன்னார். எனக்குத்தான் வாய் வரல. உங்க அண்ணி தவறிப்போனப்போ அந்த வீட்டையே நீங்கதான் தாங்கினீங்க. அவங்க இருந்த இடத்துல நான் வந்து நின்னா, என்னை எப்படிப் பார்ப்பீங்களோன்னு பயந்தேன். அவர் வேணும்தான். ஆனா உங்களை இழந்துட்டு வேணாம்.

ஃபெங்ஷியா: பைத்தியம்... வா, இங்க வா. கிட்ட வாடி.

யுலியன்: சட்டை கசங்கும்கா...

ஃபெங்ஷியா: கசங்கட்டும்! எங்க அந்த மனுஷன்? அண்ணே! ஏய் அண்ணே!

டிங்ஷான்: ...திட்டி முடிச்சிட்டியா?

ஃபெங்ஷியா: சுவருக்கு அந்தப் பக்கமா? எவ்வளவு நேரமா அங்க உட்கார்ந்திருக்கே?

டிங்ஷான்: ஸ்கூட்டர் சத்தம் கேட்டதுலேர்ந்து. நீ அழுதப்போ வந்துடலாம்னுதான் பார்த்தேன். முட்டி மடங்கினது நிமிரல.

ஃபெங்ஷியா: மாப்பிள்ளையைப் பாரு மாப்பிள்ளையை! வெள்ளைச் சட்டை, தலையில எண்ணெய்...

டிங்ஷான்: இடம் கிடைச்சதும் இவ கூப்பிடுவான்னு காலையிலேர்ந்தே தயாரா இருந்தேன். ஊருக்குள்ள போட்டோ கடைக்குப் போனா, சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் தெரிஞ்சிடும். உனக்குக் கடைசியா தெரியக்கூடாதுன்னு இவதான் பிடிவாதம் பிடிச்சா.

ஃபெங்ஷியா: நிக்கிற வேலையைப் பாரு. துணியை ஆணியில மாட்டு... கோணல்! அந்தப் பக்கம் தூக்கு... ம். இப்போ தோளோட தோள். வெட்கப்படாதே அண்ணே, அவ கடிக்க மாட்டா.

யுலியன்: இவர் கேமராவைப் பார்க்காம என்னையே பார்க்கறாருக்கா.

டிங்ஷான்: பார்க்காம பின்னே? அந்த மஞ்சள் இலை மரத்தடியில தலைமுடி கலைஞ்சு நின்னியே, அதையும் இப்படித்தான் பார்த்துக்கிட்டே இருந்தேன். அன்னிக்குத்தான் உன்கிட்ட பேசிடணும்னு துணிச்சல் வந்துச்சு.

யுலியன்: எந்த மரத்தடியில? போன வருஷம் இலை பழுத்தப்போவா? அங்க நானும் அக்காவும் மட்டும்தானே இருந்தோம்.

டிங்ஷான்: இல்ல... அது... படத்துல...

யுலியன்: எந்தப் படத்துல?

ஃபெங்ஷியா: அண்ணே, வாயை மூடு. ரெண்டு பேரும் இங்க பாருங்க.

யுலியன்: அக்கா.

ஃபெங்ஷியா: எடுக்கப்போறேன்.

யுலியன்: அக்கா! அந்தப் படம் இவர்கிட்ட எப்படிப் போச்சு?

ஃபெங்ஷியா: ...நான்தான்டி அனுப்பினேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உன்னை ஊரெல்லாம் இழுத்துட்டுப் போய் நிக்க வச்சு, நல்லா விழுந்ததாப் பொறுக்கி அனுப்பினேன். இந்த மகராசன் ஒவ்வொண்ணுக்கும் 'வெளிச்சம் நல்லாருக்கு'ன்னு பதில் போடுவாரு. வெளிச்சமாம், வெளிச்சம்! இனிமே எந்த மணல்மேட்டுல கொண்டுபோய் உங்களை நிறுத்தறதுன்னு தெரியாம முழிச்சிட்டிருந்தேன்... அண்ணி.