பதினோராவது பொத்தான்

கார்பன் தாள் இப்போதெல்லாம் கடைகளில் கிடைப்பதில்லை. நாலு கடை ஏறி இறங்கிவிட்டு, துணியில் கோடு பதிக்க என் தையற்கடையில் வைத்திருக்கும் தாளை எடுத்துத்தான் இதை எழுதுகிறேன், மாமா. "நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்க மாப்பிள்ளை, ரெண்டு பிரதி" என்றீர்கள். நாற்பது வருடம் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவர் வாய்ச்சொல்லை நம்பமாட்டார், அது நியாயம்தான். கீழ்ப் பிரதியிலும் எழுத்து விழ வேண்டுமே என்று பேனாவை அழுத்திப் பிடித்திருக்கிறேன். அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் மகன், அதாவது என் மச்சான், போன சனிக்கிழமை ஒரு கோட்டுக்குள் இரண்டேகால் மணி நேரம் இருந்தான். அந்தக் கோட்டைத் தைத்தவன் நான். இதுவரைக்கும் வீட்டில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அவனை 'அவன்' என்று எழுதுவதற்கு மன்னியுங்கள். பதினொரு வயதிலிருந்து அப்படித்தான். உங்கள் மகளைக் கட்டுவதற்கு முன்பும் எனக்கு அவன் மச்சான்தான், கட்டிய பிறகும் மச்சான்தான்.

அந்தப் பதினொரு வயதிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு உங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு ஜப்பான் கார்ட்டூன் பார்ப்போமே, நினைவிருக்கிறதா? கிரகம் கிரகமாகப் போய்க் கடிதம் கொடுக்கும் தபால்காரன். பச்சைக் கோட்டு, அதில் பதினொரு பொத்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. முதல் பொத்தானைத் திருகினால் புகை வரும். இரண்டாவதில் கயிறு. நாலாவது, எந்தக் கிரகத்து நாயையும் தூங்க வைத்துவிடும். நீங்கள் அப்போது செய்தித்தாளை விலக்கிப் பார்த்து, "தபால்காரனுக்கு எதுக்குடா இவ்வளவு வேலை" என்று கேட்டீர்கள். மறுபடி தாளுக்குள் போய்விட்டீர்கள்.

பத்துப் பொத்தானின் வேலையும் ஊருக்கே தெரியும். பதினோராவது மட்டும் தெரியாது. கடைசிப் பகுதியில் தபால்காரன் அதன்மேல் விரலை வைக்கிறான், திரை இருட்டாகிவிடுகிறது. அத்தோடு சரி. அடுத்த வாரம் அதே நேரத்தில் பாத்திரம் தேய்க்கும் பொடி விளம்பரம் வந்தது.

அன்று உங்கள் மகனும் நானும் ஒரு சத்தியம் செய்துகொண்டோம். என்றைக்காவது இது திரும்ப வந்தால், எங்கே இருந்தாலும், முதல் பகுதியைச் சேர்ந்துதான் பார்ப்பது. ஒருவன் இல்லாமல் மற்றவன் பார்ப்பதில்லை. வெறும் வாயால் சத்தியம் செய்தால் நிற்காது என்று ஒரு பொத்தான்மேல் கை வைத்துச் செய்தோம். உங்கள் கல்யாணக் கோட்டில் மேலிருந்து மூன்றாவது பொத்தான் காணாமல் போய், அதற்காக சலவைக்காரரோடு நீங்கள் இரண்டு வருடம் பேசாமல் இருந்தீர்கள். அவர்மேல் தப்பில்லை. இத்துடன் அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்தப் பொத்தான் இருபத்தாறு வருடமாக என்னிடம்தான் இருந்தது. நான் தையல்காரன் ஆனதற்கும் அந்தப் பச்சைக் கோட்டுதான் காரணம். மச்சான் தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்கப் போனான். மிச்ச நேரத்தில், புதிதாக வரும் அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன் தொடர்களின் முதல் பகுதியைப் பார்த்துவிட்டு, செல்பேசி முன் உட்கார்ந்து 'முதல் பார்வை' என்று பேசுவான். அதைக் கேட்க நாற்பதாயிரம் பேர் இருக்கிறார்கள். அவனுக்குப் பேச்சு வரும். நான் அதை ஒருநாளும் மறுத்ததில்லை.

மூன்று வாரம் முன்பு அவன் என் கடைக்கு வந்தான். கையில் செல்பேசி, முகத்தில் ஆயிரம் விளக்கு.

"டேய், நம்ம தபால்காரன் திரும்ப வர்றான்டா. புது ஆளுங்க எடுத்திருக்காங்க. சும்மா ஸ்டைல்னா ஸ்டைல்."

எனக்குக் கத்தரிக்கோல் கையிலிருந்து நழுவிவிட்டது. உண்மையாகவே சந்தோஷப்பட்டேன், மாமா. அது பதிவாகட்டும்.

அவன் படத்தைக் காட்டினான். பச்சைக் கோட்டு போய்க் கறுப்புக் கோட்டு வந்திருந்தது. கழுத்திலிருந்து குதிகால் வரை ஒரே வழவழப்பு. பொத்தான் இல்லை, ஜிப் இல்லை, மடிப்பு இல்லை. அதே மாதிரி ஒன்று வேண்டும் என்றான். தொடரை வெளியிடும் நிறுவனம் ஒரு தியேட்டரில் முதல் பகுதியைப் போட்டுக் காட்டப்போகிறது, முடிந்ததும் இவன் மேடையேறி முதல் பார்வை சொல்ல வேண்டும். நன்றாகப் பேசினால் எல்லா நிகழ்ச்சிக்கும் இவன்தான் தொகுப்பாளன்.

"பொத்தானே இல்லையே, எப்படிடா கழட்டுவான்?" என்று கேட்டேன். தொழில் ரீதியான கேள்வி.

"அவன் கழட்டவே மாட்டான்டா. அதான் கேரக்டர்."

"சரி, என்னைக்கு சேர்ந்து பாக்கலாம்?"

அவன் தேநீரை உறிஞ்சிக்கொண்டே சொன்னான். "நான் நேத்தே பாத்துட்டேன்டா. எனக்கு முன்னாடியே அனுப்பிட்டாங்க. பதினோராவது பொத்தான் என்னன்னு தெரியுமா? ஒண்ணுமே இல்லடா. கோட்டை மூடுறதுக்குத்தான். சும்மா பொத்தான்."

சொல்லிவிட்டு இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டான்.

நான் அளவு நாடாவைச் சுருட்டி மேசைமேல் வைத்தேன். பிறகு திரும்ப எடுத்து அவனை அளந்தேன். மார்பு நாற்பத்திரண்டு, இடுப்பு நாற்பத்து நாலு. வேலையில் நான் சொந்த விஷயத்தைக் கலப்பதில்லை.

கோட்டைப் படத்தில் இருந்தபடியேதான் தைத்தேன். கோட்டு எங்கே முடிகிறது, கால்சட்டை எங்கே தொடங்குகிறது என்று படத்தில் தெரியவில்லை. தெரியாததை நானாகச் சேர்ப்பது மரியாதை இல்லை. ஆகவே இரண்டும் ஒரே துணியாக வந்தது. கையுறைக்கும் சட்டைக் கைக்கும் நடுவில் கோடு இல்லை. அதனால் அதுவும் ஒன்றாகவே வந்தது. துணி, சோபாவுக்கு உறை தைக்கும் ரெக்சின். மழையில் நிற்கும் கோட்டு என்றானே.

சனிக்கிழமை காலை தியேட்டரின் பின்னறையில் அவன் முதுகுப் பக்கத் திறப்பு வழியாக அதற்குள் நுழைந்தான். முதுகுத் தையலை ஆளின்மேலேயே போட்டால்தான் உடம்போடு ஒட்டும் என்று சொன்னேன். கைகளை விரித்து அசையாமல் நின்றான். ஊசி இடம் கொடுத்தால்தானே நூல் நுழையும். இருபது நிமிடத்தில் கழுத்திலிருந்து கீழ்வரை மூடிவிட்டேன். கண்ணாடியில் பார்த்தான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. "டேய், அப்படியே அவன்டா" என்றான். அவ்வளவு நல்ல வேலை என் கையிலிருந்து அதற்குமுன் வந்ததில்லை.

மேடையில் பேசும்போது தொண்டை காயக்கூடாது என்று தண்ணீர் கொடுத்தேன். ஒரு பாட்டில். பிறகு இன்னொன்று. மூன்றாவது பாட்டிலில் தர்பூசணிச் சாறு இருந்தது. அது உடம்புக்குக் குளிர்ச்சி.

பிறகு நான் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் உங்கள் மகள். இன்னொரு பக்கத்து நாற்காலியில் என் பையை வைத்தேன், யாராவது வந்தால் உட்காரட்டும் என்று. அவன் மேடைக்குப் பக்கத்தில், திரைச்சீலை ஓரமாக நின்றான். உட்கார முடியாது. அந்த வெட்டில் முழங்கால் மடங்காது.

தொடரைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நன்றாக இருக்கிறது, மாமா. ஒவ்வொரு மழைத்துளியையும் உட்கார்ந்து வரைந்திருக்கிறார்கள். தெருவிளக்கு ஈரத்தில் ஊதாவாக வழிகிறது. பின்னணியில் யாரோ டிரம்பெட் ஊதுகிறார்கள். தபால்காரன் நாலு நிமிடம் பேசாமல் நடக்கிறான், நடையைப் பார்த்தாலே ஏதோ பெரிய துக்கம் என்று தெரிகிறது. இருபத்து நாலு நிமிடத்தில் ஒரு கடிதம்கூட யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. அதுதான் இப்போது ஸ்டைல் போலிருக்கிறது. நாய்கள் எல்லாம் விழித்துக்கொண்டே இருந்தன. அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன்.

கடைசியில் அந்தப் பழைய பச்சைக் கோட்டு ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்குகிறது. ஒரு பெண் கேட்கிறாள், பதினோராவது எதற்கு என்று. அவன் மழையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறான், கோட்டை மூடுவதற்கு.

தியேட்டரில் இருநூறு பேர் ஒரே நேரத்தில் "ஆ" என்றார்கள். எனக்குப் பின்னால் ஒரு வழுக்கைத் தலைக்காரர் அழுதார். உங்கள் மகள், நாங்கள் கார்ட்டூன் பார்க்கும்போதெல்லாம் சேனலை மாற்றச் சொல்லிக் கத்தியவள், அவள்கூட "ஆ" என்றாள். நான் ஒருவன்தான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த "ஆ" எனக்கு வரவேண்டியது. இருபத்தாறு வருடம் சேர்த்து வைத்தது. அதை அவன் தேநீரோடு குடித்துவிட்டான்.

விளக்குப் போட்டார்கள். அவன் மேடையேறப் போகும்முன் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டான். முகம் வெளிறியிருந்தது.

"டேய், அவசரம்டா. இதை எப்படிக் கழட்டுறது?"

"அவன் கழட்டவே மாட்டான்டா," என்றேன். "அதான் கேரக்டர்."

பெரியவர்கள் சொல்வார்கள், ஆத்திரத்தை அடக்கினாலும் அடக்கலாம், மூத்திரத்தை அடக்க முடியாது என்று. முதல் பாதிக்கு நான் சாட்சி. இரண்டாம் பாதிக்கு மச்சான் சாட்சி.

மேடையில் அவன் ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டு நடந்தான். தபால்காரனின் துக்க நடையை அப்படியே நடிக்கிறான் என்று நினைத்துக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தட்டத் தட்ட அவனால் பேச ஆரம்பிக்க முடியவில்லை. கடைசியில் ஒலிபெருக்கி முன்னால் வந்து, "ரொம்ப ஸ்டைல், நன்றி, வணக்கம்" என்று சொல்லிவிட்டு ஓடினான். மடங்காத காலோடு ஓடுவதைப் பார்த்தும் கைதட்டினார்கள். அவன் சொன்னதிலேயே சுருக்கமான முதல் பார்வை அதுதான்.

ஆண்கள் கழிப்பறை வாசலில் உங்கள் மகள் நின்றுகொண்டு, "ஏங்க, இதுல ஜிப் எங்கங்க? எங்க அண்ணன் உள்ள அழுவுறான்" என்றாள். ஜிப் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். கத்தரிக்கோல் எங்கே என்றாள். எல்லாவற்றையும் அன்று காலைதான் சாணை பிடிக்கக் கொடுத்திருந்தேன். அதையும் சொன்னேன். தியேட்டர் மேலாளர் அட்டைப்பெட்டி கிழிக்கும் கத்தியோடு வருவதற்குள் காலம் கடந்துவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை. மச்சான் வீட்டுக்கு ஒரு திரைச்சீலையைச் சுற்றிக்கொண்டு வந்தான். சிவப்புச் சீலை, நல்ல வெல்வெட். தொகுப்பாளன் வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது. அது எனக்கு வருத்தம்தான்.

மறுநாள் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தக் கிழிந்த கோட்டை விரித்து வைத்து நீங்கள் விசாரித்தீர்கள். படத்தில் இருந்ததைத்தான் தைத்தேன் என்று நான் சொன்னேன். உங்கள் மகள்கூட நம்பினாள். நீங்கள் மட்டும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஓர் அங்குலம் விடாமல் தடவிப் பார்த்தீர்கள். பிடரிக்குக் கீழே, துணி மடிப்புக்குள் உங்கள் விரல் நின்றது. உங்கள் கல்யாணக் கோட்டுப் பொத்தான் உங்களுக்குத் தெரியாமல் போகுமா? பிடித்து ஒரு இழுப்பு இழுத்தீர்கள்.

முதுகுத் தையலில் கத்தி படாமல் மிஞ்சியிருந்தது முழுவதும் உங்கள் கையோடு சரசரவென்று வந்துவிட்டது.

ஆம், மாமா. அது சங்கிலித் தையல். அரிசி மூட்டையின் வாயைத் தைப்பது போல, சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் முழுவதும் அவிழும். அந்த நுனியை அந்தப் பொத்தானில் கட்டியிருந்தேன். தொடரில் பதினோராவது பொத்தான் மூடுவதற்கு. என் கோட்டில் திறப்பதற்கு. அவன் கைக்கு எட்டாது, என் கைக்கு எட்டும். கழிப்பறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்ற முக்கால் மணி நேரமும் எனக்கு அது தெரியும். "பதினோராவது எங்கடா வச்சிருக்க?" என்று அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உள்ளே போய் இழுத்திருப்பேன். அவனுக்கு அது ஞாபகத்தில் வரவே இல்லை.

தையல் அவிழ்ந்து கிடந்தபோது அவன் எதிரே நின்றிருந்தான். பொத்தானைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "பதினொண்ணாடா?" என்றான். உள்ளே போய்விட்டான். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

யார், எப்போது, எதற்காக என்று மூன்று கேள்வி கேட்டிருந்தீர்கள். முதல் இரண்டுக்கும் பதில் மேலே இருக்கிறது. எதற்காக என்றால், ஒரு கோட்டுக்குக் குறைந்தது ஒரு பொத்தானாவது வேண்டும் என்பதைத் தொழில் முறையில் நிரூபிப்பதற்காக. வேறு காரணம் இல்லை.

இரண்டாம் பகுதி இன்று காலை வந்துவிட்டது. நான் இன்னும் பார்க்கவில்லை. கடையை மத்தியானத்தோடு சாத்திவிட்டு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பிஸ்கட் வாங்கி வைத்திருக்கிறேன், அவனுக்குப் பிடித்தது. மணி நாலு ஆகப்போகிறது. தற்செயலாக அவன் இந்தப் பக்கம் வந்தால் பார்க்கலாம், வராவிட்டாலும் ஒன்றும் இல்லை.

எனக்கு அவன்மேல் எந்தக் கோபமும் கிடையாது. இந்த ஒரு வரியில் மட்டும் பேனா தாளைக் கிழித்து, கார்பனையும் கிழித்து, இரண்டாம் பிரதியிலும் ஓட்டை போட்டுவிட்டது. பேனா சரியில்லை போலிருக்கிறது, மாமா.