முதலில் விடும் மீன்

மீன்தொட்டி வாங்கிய அன்றே மீனையும் வாங்கிக்கொண்டு போகிறவர்களிடம் நான் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. பெண் பார்க்கப் போன அன்றே தொட்டில் வாங்குகிற ரகம் அவர்கள். தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். நான்காம் நாள் மீன் மல்லாந்து மிதக்கும். உடனே கடைக்காரரைத் திட்டுவார்கள். உங்கள் அலுவலக வாசலில்கூட ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கிறது. அதிலிருக்கும் தங்கமீன் வாயை மேலே நீட்டி நீட்டிக் காற்றுக்குத் தவிக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் எல்லோரும் உள்ளே வருகிறீர்கள். துப்பு துலக்குகிறவர்கள்.

என் நோட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டீர்கள். படித்துப் புரியாமல் என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன்.

மீனின் கழிவு தண்ணீரில் அம்மோனியா ஆகிறது. அது விஷம். அதைத் தின்னும் கிருமி வடிகட்டியின் பஞ்சில் குடியேற வேண்டும். அது மிச்சம் வைப்பதும் விஷம்தான். அதைத் தின்ன வேறொரு கிருமி வேண்டும். இரண்டும் வந்து சேர ஐந்தாறு வாரம் ஆகும். அதுவரை அந்தக் கிருமிகளுக்குச் சாப்பாடு போட யாராவது தொட்டிக்குள் இருந்தாக வேண்டும். அதற்குத்தான் கடைக்காரர் இரண்டு வரிமீன்களைப் பையில் போட்டுக் கொடுத்தார்.

"முதல்ல இதுங்கள விடுங்க. நல்லாத் தாங்கும். செத்தா போகுது, பொழச்சா தண்ணி ரெடின்னு அர்த்தம். அப்புறமா வந்து நல்ல மீனா எடுத்துக்குங்க."

நல்ல மீன் என்றால் ஏஞ்சல். என் மகள் கேட்டது. அவளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது வேலைக்காக இந்தக் குளிர் ஊருக்கு நான் மட்டும் கிளம்பி வந்தேன். இப்போது ஐந்து. அவளும் அவள் அம்மாவும் என்னோடு இருக்க வர வேண்டும் என்றுதான் இந்த வீட்டைப் பிடித்தேன்.

"மூணு வருஷமா இதே பாட்டுதான் பாடுறீங்க," என்றாள் மனைவி போனில். "மீனுக்கு வீடு கட்டியாச்சு. எங்களுக்கு எப்ப?"

"உள் ரூம் இன்னும் ரெடியாகல."

"ரூம் என்ன, சோறா? வெந்துட்டிருக்கா?"

உள் அறைச் சுவரில் ஒரு பழைய கேஸ் ஹீட்டர். மகள் படுக்கப்போகும் அறை அது. ஹீட்டர் மெக்கானிக் வந்து பார்த்தார். "புகைக் குழாய் அடைச்சிருக்கு சார். இதுல வர்ற புகை கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. மாத்தாம இங்க யாரையும் படுக்க வெக்காதீங்க." வீட்டுக்காரரைக் கேட்டேன். "பத்து வருஷமா ஓடுது. ஒருத்தனும் சாகல. மெக்கானிக்குன்னா மாத்தச் சொல்லத்தான் செய்வான்," என்றார்.

நான் பம்பு கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறவன். ஓட்டிப் பார்க்காமல் ஒரு பம்பையும் பெட்டியில் வைக்க விடமாட்டேன். ஒருவர் ஆகாது என்கிறார், ஒருவர் ஆகும் என்கிறார். வாய்ப்பேச்சை நம்பிப் பெற்ற பிள்ளையைப் படுக்க வைக்க முடியுமா?

மளிகைக் கடைப் பலகையில் சீட்டு ஒட்டினேன். உள் அறை, தனி ஆளுக்கு, வாடகை இல்லை. மறுநாளே பேக்கரிக்காரர் வந்தார். ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. காலை ஏழு மணிக்கு மாவு வாசனையோடு வந்து, மூன்று மணி வரை தூங்குவார். என்னைத் தெய்வம் என்றார். தெய்வமாவது அவ்வளவு சுலபம்.

சும்மா சொல்லக்கூடாது, கலகலப்பான மனிதர். வரிமீன்களுக்கு மாமா, மச்சான் என்று பெயர் வைத்தார். "என்ன மச்சான், மூஞ்சி தொங்கிப்போச்சு? வீட்டுல சண்டையா?" என்று கண்ணாடியைத் தட்டுவார். தட்டக்கூடாது என்று பத்து முறை சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

நோட்டின் இடது பக்கம் தொட்டி. வலது பக்கம் அவர். நான்காம் நாள், சொட்டு மருந்து விட்டால் தண்ணீர் பச்சை காட்டுகிறது, அம்மோனியா சேர்கிறது. அவர் நன்றாகத் தூங்கினார், நான்கு ரொட்டி சாப்பிட்டார். பன்னிரண்டாம் நாள், அம்மோனியா கரும்பச்சை. மாமா அடியில் கிடக்கிறது. அவருக்குத் தலைவலி. எழுந்ததும் வாந்தி. வெளியே போய் வந்தால் தெளிகிறது. இதுதான் உங்களுக்குப் புரியாத பக்கம்.

பத்தொன்பதாம் நாள் அவருக்கு விடுமுறை. நான் வேலையிலிருந்து வந்தபோது வாசலிலேயே நின்றார்.

"அண்ணே, அந்தப் பஞ்சு சாக்கடை மாதிரி இருந்துச்சு. சோப்புப் போட்டு, குழாயில காட்டி, பளிச்சுனு ஆக்கிட்டேன். ரெண்டு பேரும் இனிமே ஜாலியா இருப்பானுங்க."

அந்தச் சாக்கடைதான் கிருமிகளின் வீடு. பத்தொன்பது நாள் உழைப்பைக் கழுவிச் சாக்கடையிலேயே விட்டுவிட்டார். நான் கத்தவில்லை. இரண்டு நாளில் மச்சான் செத்தது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நாற்பது வயது ஆள், கண் கலங்கினார்.

"நாந்தான் கொன்னுட்டேனாண்ணே?"

"ஆமா."

முதலிலிருந்து ஆரம்பித்தேன். தொட்டிக்கு மட்டுமல்ல. வலது பக்கத்தையும் பார்த்தபோதுதான் தெரிந்தது, அங்கேயும் கணக்கு கெட்டிருந்தது. தலைவலி தாங்காமல் அவர் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்க ஆரம்பித்திருந்தார். என் மகளுக்குச் சட்டென்று சளி பிடிக்கும். அவள் தூங்கும்போது ஜன்னலைத் திறக்க அவள் அம்மா விடவே மாட்டாள். திறந்த ஜன்னலோடு பார்த்த சோதனை எதற்கு உதவும்?

அடுத்த வாரம் அவரே கேட்டார். "அந்த ரூம்ல படுத்தா மண்டை பாறாங்கல்லாட்டம் கனக்குதுண்ணே. ஹால்ல மீன் பக்கத்துல ஒரு பாயப் போட்டுக்கவா?"

"ஒண்ணக் கொன்னது போதாதா? மிச்சம் இருக்கறதும் போகணுமா?"

முகம் செத்துப்போயிற்று. "இல்லண்ணே, சரிண்ணே," என்று உள்ளே போய்விட்டார். வேறு வீடு பார்த்துப் போகவும் இல்லை. போயிருக்கலாம், யாரும் கட்டிப்போடவில்லை. மாமா பிழைக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போவேன் என்றார். ஒரு வரிமீனுக்காக. இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு உலகம் எப்படி உருப்படும் சொல்லுங்கள்.

புதுக் கணக்கில் நாற்பத்தோராம் நாள் எனக்கு விடுமுறை. காலையில் அவர் தூங்கியதும் உள்ளே போய் ஜன்னலைச் சாத்தினேன். இடுக்குகளில் டேப் ஒட்டினேன். ஹீட்டரை மகளுக்குத் தேவைப்படும் அளவுக்குக் கூட்டி வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு ஹாலில் உட்கார்ந்தேன்.

பதினோரு மணிக்குத் தண்ணீர் சோதனை. கண்ணாடிக் குழாயில் சொட்டு மருந்து விட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து நிறம் பார்க்க வேண்டும். சொட்டு விட்டு இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. உள்ளேயிருந்து "அண்ணே" என்று கேட்டது. பெரிய சத்தமில்லை. பாதியில் எழுந்து போனால் நிறம் முற்றிவிடும், அளவு தப்பிவிடும். இன்னொரு தடவை கூப்பிட்டால் போகலாம் என்று இருந்தேன். கூப்பிடவில்லை.

நிறம் மஞ்சள். அம்மோனியா சுத்தமாக இல்லை. எழுதி வைத்துவிட்டுத்தான் போனேன். கட்டிலிலிருந்து ஒரு கால் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. முகம் செக்கச்செவேலென்று, ஊரிலிருந்து அன்றைக்குத்தான் வந்தவர் மாதிரி இருந்தது. டேப்பை உரித்தேன். ஜன்னலைத் திறந்தேன். பிறகு உங்களைக் கூப்பிட்டேன்.

கொலை என்று எழுதிக்கொள்கிறீர்கள். உங்கள் கையெழுத்து, உங்கள் இஷ்டம். மெக்கானிக் சொன்னது சரியா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது, தெரிந்துவிட்டது. வீட்டுக்காரரும் பயந்துபோய்ப் புது ஹீட்டர் மாட்டிவிட்டார். பேக்கரிக்காரர் இல்லையென்றால் அந்த அறையில் யார் படுத்திருப்பார்கள் என்று நீங்கள் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

நான் செய்த தப்பு ஒன்று உண்டு, அதை மறைக்க மாட்டேன். குழந்தைக்கு ஆகுமா என்று தெரிய வேண்டிய இடத்தில், வளர்ந்த ஆளை வைத்துப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இரண்டு மாதம் வீணாயிற்று. புது ஹீட்டரை மட்டும் எப்படி நம்புவது? கடைப் பலகையில் மறுபடி சீட்டு ஒட்டியிருக்கிறேன், இந்த முறை குடும்பத்துக்கு என்று போட்டு. நேற்று ஒருவர் பேசினார். கணவன், மனைவி, நாலரை வயதில் ஒரு பெண் குழந்தை. ஞாயிற்றுக்கிழமை சாமான்களோடு வருகிறார்கள். அதற்குள் என்னை அனுப்பிவிடுங்கள், வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது.